விலையில்லா அரிசிக்கும் விலையுண்டு



போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் எழுந்து தெருவுக்கு வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தூக்குச் சட்டியைக் கையில் ஏந்திய ஆண்களும் பெண்களும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலைக்குப் புறப்படுவார்கள். முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் உழைப்பார்கள். இருட்டும் வேளையில் ஊர் திரும்புவார்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் 36 ஆண்டுகள் பாடம் சொன்னேன். அரசாங்கம் ஆற்றும் பொதுப்பணிகள் ஏற்றத்தாழ்வை எவ்வாறு குறைக்கின்றன, எந்த இடத்தில் குறைக்கத் தவறுகின்றன என்பதை இவர்கள் வாழ்விலிருந்தே இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசியை விலையின்றி வழங்கத் தொடங்கினார்கள். மலைச்சரிவில், சாலையில்லாத சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அரிசி வாங்க ஒருவர் கீழே இறங்க வேண்டும். மூட்டையைச் சுமந்துகொண்டு மீண்டும் ஏற வேண்டும். அன்றைய கூலி போயிற்று. கடை பூட்டியிருந்தாலோ, சரக்கு வந்து சேராவிட்டாலோ, இன்னொரு நாள் கூலியும் போயிற்று. கடைக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த அரிசி உண்மையிலேயே இலவசம். மலையில் இருப்பவருக்கோ அதன் விலை இரண்டு நாட்கூலி. சட்டம் இருவரையும் சமமாகவே நடத்துகிறது. ஆயினும் ஏழையே மிகுந்த விலை கொடுக்கிறார்.

இவ்வுண்மையை நான் நூல்களில் கற்கவில்லை. என் பிழையால் கற்றேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், கணக்கில் கெட்டிக்காரனான ஒரு சிறுவன் என் வகுப்பில் இருந்தான். எட்டாம் வகுப்பை முடித்ததும் மாணவர் விடுதியில் சேர்ந்து மேலே படிக்க வேண்டியவன். அதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. "அப்பாவை அனுப்பி வாங்கி வா" என்று சொல்லிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தந்தையார் தோட்ட வேலையை விட்டு மும்முறை அலைந்தார். முதல் நாள் அலுவலர் இல்லை. இரண்டாம் நாள் படிவத்தில் பிழை. மூன்றாம் நாள் கையெழுத்து ஆகவில்லை. நான்காம் நாளின் கூலியை இழக்க அவரால் இயலவில்லை. விடுதியில் சேரும் தேதியும் கடந்துவிட்டது. அடுத்த வாரம் அச்சிறுவனை விடியற்கால ஜீப்பில் கண்டேன். அவன் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். எனக்கு வாய் எழவில்லை.

அலுவலகத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அந்தப் படிவத்தை நிரப்பி நானே கொண்டு சென்றிருக்கலாமன்றோ? அதன் பின்னர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் படிவங்களைப் பள்ளியிலேயே நிரப்பி, கட்டாகக் கட்டி, நானே எடுத்துச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். இருபது தந்தையரின் கூலி, ஓர் ஆசிரியரின் ஒரு பிற்பகல் நடையில் மிச்சமாயிற்று. அந்த ஒரு சிறுவனுக்கு மட்டும் அது உதவவில்லை.

இனி, மக்கள் இருக்குமிடத்தைத் தேடிச் சென்ற ஒரு பணியைப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் முயற்சியைச் சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு ஊர் மக்களின் துணையைத் திரட்டி அதைப் பரப்பினார். 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், எம். ஜி. ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. நான் ஆசிரியனானது அதற்கு முந்தைய மாதம். ஜூனில் பிற்பகல் வகுப்பில் பல இடங்கள் காலியாக இருந்தன. சத்துணவு வந்தபின் அவை நிறைந்தன. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. பெற்றோர் இருவரும் விடியுமுன் ஜீப் ஏறிவிடும் வீட்டில் காலை உணவின் அருமை எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்திட்டம் வேரூன்றியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பிள்ளை நாள்தோறும் வரும் இடத்திலேயே உணவு கிடைத்தது. இரண்டாவது, ஏழை என்று மெய்ப்பிக்கும் சான்று எதையும் கேட்கவில்லை. 1997இல் நாடெங்கும் நியாயவிலைப் பொருள்களுக்காகக் குடும்பங்களை வறுமைக் கோட்டின் மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு பொது விநியோகத்தை எல்லாருக்கும் பொதுவாகவே நடத்தியது. சான்றிதழுக்காக அலைய இயலாதவரே மிகவும் ஏழை என்பதை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும். மூன்றாவது, சமைப்பவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். சோறு வேகவில்லையென்றால் அன்று மாலையே வீட்டுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலை கேள்வி வந்துவிடும்.

உலக வங்கி வெளியிட்ட 2004ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கை, ஏழைகளுக்குப் பொதுப்பணிகள் ஏன் சென்று சேர்வதில்லை என்பதையே ஆராய்ந்தது. மக்கள் வாக்களித்து ஆட்சியை அமைக்க, ஆட்சி அலுவலரை வேலை வாங்குவது நெடுவழி. பணியைப் பெறுபவர், அதைச் செய்பவரை நேரில் கேட்பது குறுவழி. போடிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மலைக்கு வளைந்து ஏறும் சாலையும் உண்டு; செங்குத்தான ஒற்றையடிப் பாதையும் உண்டு. இரண்டும் வேண்டும். நெடுவழி மட்டுமே இருந்தால், சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாகிவிடும்.

108 அவசர ஊர்தி 2008இல் வந்தது. ஆனால் சாலை முடியும் இடத்தில் அது நின்றுவிடும். மலைச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டிச் சுமந்து வந்ததை நான் கண்டிருக்கிறேன். எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சென்றது. 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத் திறனாளிகள் இல்லங்களுக்கு நியாயவிலைப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் திட்டமும் தொடங்கியது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை எழுத்தராவீர்கள். சிலர் மருத்துவராகவும் ஆட்சியாளராகவும் ஆவீர்கள். உங்கள் மேசைக்கு ஒரு திட்டம் வரும்போது, அதற்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்று பார்ப்பீர்கள். அதோடு நில்லாமல், அதைப் பெறுவதற்கு மலை உச்சியில் இருப்பவர் எத்தனை நாட்கூலி செலவிட வேண்டும் என்றும் கணக்கிடுங்கள். அந்தத் தொகையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கும். மூன்று முறை அலைந்த அந்தத் தந்தை நான்காம் முறை உங்கள் வாசலுக்கு வர நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.