சின்னப் பெட்டிக்குள் எத்தனை வாட்?

காலையில் கல்யாணத்தில் எடுத்த காட்சிகளை அன்றைக்கே வெட்டி ஒட்டி, பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்புவதற்குள் மண்டபத்து எல்இடி திரையில் ஓட்டிக் காட்டுவதற்கு கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது நல்ல கிராக்கி. அதற்குக் கம்ப்யூட்டர் மண்டபத்துக்கே வந்தாக வேண்டும். வீட்டு மேசையில் இருக்கும் பெரிய கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பெருந்துறைக்கும் அலைய முடியாது. லேப்டாப் கையடக்கம்தான், ஆனால் ஒரு மணி நேர ரெண்டரில் அதன் மெல்லிய உடம்பு திணறிப்போகிறது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: முதுகுப்பையில் அடங்கும் 10 லிட்டர் பெட்டி. அதற்குள் 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டு. மினி ஐடிஎக்ஸ் எனப்படும் இந்த அளவை 2001-இல் தைவானின் வயா நிறுவனம் கொண்டுவந்தது. பகலில் கல்யாண வேலை, ராத்திரி அதே பெட்டியில் கேம்.

இந்தப் பெட்டிக்கு எந்த ப்ராசசர் வாங்குவது? கோவை காந்திபுரம் கடைகளில் முதலில் வரும் கேள்விகள் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பவை. பெரிய கேபினட்டுக்கு அவை போதும். சின்னப் பெட்டிக்கு முதலில் கேட்க வேண்டியது வாட். ஏன் என்று புரிய, சிலிக்கானுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்; அந்தப் பயணமே அத்தனை சுவையானது.

வீடியோவில் தொடங்கலாம். சினிமா வெட்டி ஒட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ கோவையில்தான் இருந்தது, எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954-இல் அங்கிருந்துதான் வந்தது. அன்றைய எடிட்டரின் கையில் 35 மில்லிமீட்டர் பிலிம் இருந்தது. நொடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 90 அடி. எந்தப் படம் வேண்டுமோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அந்த இடத்தில் கத்தரி வைக்கலாம். ஒவ்வொரு படமும் பிலிமில் முழுசாக இருந்தது.

இன்றைய கேமரா எழுதும் கோப்பில் பெரும்பாலான படங்கள் முழுசாக இல்லவே இல்லை. 4கே காட்சி ஒன்றில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்றால் 20 கோடிக்கும் மேல். அத்தனையையும் அப்படியே எழுத மெமரி கார்டில் இடம் போதாது, வேகமும் போதாது. அதனால் எச்.265 போன்ற முறைகள் அவ்வப்போது ஒரு முழுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன. இடைப்பட்டவற்றுக்கு, முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. மணமகளின் தலை கொஞ்சம் திரும்பியது, பின்னால் இருக்கும் வாழைமரம் அசையவில்லை என்கிற மாதிரி. எடிட்டர் ஒரே ஒரு படம் பின்னால் போனால்கூட, கம்ப்யூட்டர் கடைசியாக இருந்த முழுப் படம் வரை ஓடிப்போய், அங்கிருந்து மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கேட்ட படத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். டைம்லைனை விரலால் இழுக்கும் ஒவ்வொரு கணமும் இது நடக்கிறது.

இந்த வேலையைப் பொதுவான கோர்களிடம் விட்டால் அவை வாட்டைக் கொட்டிச் செய்யும். இதற்கென்றே சிலிக்கானில் தனியாகச் செதுக்கிய சிறு பகுதி இருந்தால் சில வாட்டில் முடித்துவிடும். இன்டெல் 2011-லிருந்து தன் ப்ராசசர்களில் க்விக் சிங்க் என்ற பெயரில் இதைத் தருகிறது. கல்யாணக்காரர்களுக்கு முக்கியமான நுணுக்கம் ஒன்று இதற்குள் இருக்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்ப்பதில்லை. அதனால் சாதாரண வீடியோவில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறக்குறிப்புதான், அது 4:2:0. இரண்டு புள்ளிக்கு ஒன்று வைத்தால் 4:2:2. கூடவே ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள் இருந்தால் 10 பிட். தாலிக்கயிற்றின் மஞ்சளும் பட்டுப்புடவையின் அரக்கும் முகத்தின் நிறமும் கெடாமல் பிறகு திருத்த இந்தக் கூடுதல் விவரம்தான் கைகொடுக்கிறது. சோனி, கேனான் கேமராக்கள் பல இப்படிப் பதிவு செய்கின்றன. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்து 4:2:2 எச்.265-ஐ நேரடியாகப் பிரிக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதைச் செய்வதில்லை. என்விடியாவின் கார்டுகளுக்கு 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்தத் திறமை கிடைத்தது. கோர் எண்ணிக்கையில் பிரமாதமான ஒரு ப்ராசசர், கேமரா கொடுத்த கோப்பை இழுத்ததும் நொண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேமின் கதை வேறு. நொடிக்கு 144 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 7 மில்லிநொடி. அதற்குள் எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு எதில் பட்டது என்று ப்ராசசர் கணக்குப் போட்டு கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லியாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசரின் ஒரு துடிப்பு ஒரு நானோநொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். நம் மதர்போர்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் சேர ஒளிக்கே மூன்று துடிப்புகள் ஆகும். ப்ராசசர் ரேமிடம் ஒரு தகவல் கேட்டால் பதில் வர 80 நானோநொடி பிடிக்கலாம். அதாவது 400 துடிப்புகள் சும்மா காத்துக் கிடப்பது. கேம்கள் இப்படித் துண்டு துண்டாக, முன்கூட்டி ஊகிக்க முடியாத இடங்களிலிருந்து தகவல் கேட்பவை. அதனால் அவற்றுக்குப் பெரும்பாலும் இன்னும் வேகமான துடிப்பைவிடக் காத்திருப்பைக் குறைப்பதுதான் உதவுகிறது. ஏஎம்டி செய்தது அதைத்தான். கோர்களுக்குப் பக்கத்திலேயே தகவலை வைத்திருக்கும் நினைவகம் கேஷ். வழக்கமான 32 எம்பி கேஷின் மேல் 64 எம்பி கொண்ட இன்னொரு சில்லை அடுக்கி 96 எம்பி ஆக்கியது. ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022-இலும், 7800எக்ஸ்3டி 2023-இலும் இப்படி வந்தன. மேலே அடுக்கிய சில்லு வெப்பம் வெளியேறும் வழியில் உட்கார்ந்துகொண்டதால் வேகத்தைக் கொஞ்சம் கட்டிப்போட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை அடியில் வைத்துக் கோர்களை மேலே கொண்டுவந்தார்கள். ஓர் அடுக்கை இடம் மாற்றியதற்கே காரணம் வெப்பம்.

வெப்பம்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். ரைசன் 7 7700-இன் எட்டுக் கோர்களும் இருக்கும் சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். முழு வேலையில் அதிலிருந்து ஏறக்குறைய 70 வாட் வெளியேறுகிறது. சதுர மில்லிமீட்டருக்கு ஒரு வாட், சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 10 லட்சம் வாட். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது. நம் முதுகுப்பைக்குள் அந்த உச்சி வெயிலின் ஆயிரம் மடங்கு அடர்த்தியில் வெப்பம் கிளம்புகிறது!

இதைக் குறைக்கும் வழியும் இயற்பியலிலேயே இருக்கிறது. சில்லு செலவழிக்கும் மின்திறன், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், மின்திறன் வேகத்தின் மும்மடிக் கணக்கில் போகிறது. வேகத்தில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுங்கள்: 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. மின்செலவு ஏறக்குறைய பாதி! 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டதும், அதன்பின் எல்லோரும் ஒரே கோரை விரட்டுவதை விட்டுப் பல கோர்களுக்கு மாறியதும் இந்தக் கணக்கின் கட்டாயத்தால்தான்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் சுமார் 21 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். அங்கே 85 டிகிரியில் நிற்கும் சில்லு, சுற்றியுள்ள காற்றைவிட 64 டிகிரி மேலே இருக்கிறது என்று அர்த்தம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குக் கொஞ்சம் கருணை காட்டும். ஈரோட்டுக்கும் கரூருக்கும் சித்திரையில் அந்தக் கருணை கிடையாது. 38 டிகிரி மண்டபத்தில் அதே சில்லு 102 டிகிரிக்குப் போகப் பார்க்கும். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான ப்ராசசர்கள் 95-ஐத் தொட்டதும் தாமாகவே வேகத்தை இறக்கிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், 64 டிகிரி ஏற்றத்தை 57 ஆக்க 11 சதவீத வாட் குறைந்தால் போதும், மும்மடிக் கணக்கில் அதற்கு விலை 4 சதவீத வேகம்தான். முதலிலேயே எல்லையில் ஓடும் ப்ராசசரை வாங்கினால்தான் இந்த வெயில் நம்மை அடிக்கிறது.

பெட்டியும் மூச்சுவிட வேண்டும். ப்ராசசருக்கு 90, கிராபிக்ஸ் கார்டுக்கு 200 என்று வைத்தால் சுமார் 300 வாட். வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு 26 லிட்டர் காற்று ஓட வேண்டும். 10 லிட்டர் பெட்டியின் மொத்தக் காற்றும் நொடிக்கு இரண்டரை முறைக்கு மேல் மாற வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி பக்கம் குடியிருப்பவர்கள் ஃபேன் வலையில் படியும் பஞ்சை வாராவாரம் தட்டியே ஆக வேண்டும்.

இந்த விஷயத்தில் கோவைக்குப் பழைய அறிவு ஒன்று உண்டு. பீளமேட்டில் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. தலைமுறை தலைமுறையாகக் காயில் கட்டியவர்களுக்குத் தெரியும்: மோட்டாரின் உண்மையான பலம், அது ஒரு நிமிடம் இழுக்கும் பலமல்ல, காயில் கருகாமல் நாள் முழுதும் இழுக்கும் பலம். அதனால்தான் மோட்டாரின் பெயர்த் தகட்டில் 'டியூட்டி' என்று ஓர் இடம் இருக்கிறது. எஸ்1 என்றால் தொடர்ந்து ஓடும். எஸ்2 என்றால் குறித்த நேரத்துக்கு மட்டும். உலகத் தர விதிகள் அந்தப் பலத்தைக் கணக்கிடுவதும் 40 டிகிரிச் சுற்றுப்புறத்தை வைத்துத்தான்.

ப்ராசசருக்கும் இந்த இரண்டு எண்கள் உண்டு, கேட்பார்தான் குறைவு. கோர் ஐ7-14700-இன் அடிப்படைத் திறன் 65 வாட், உச்சம் 219 வாட். முன்னது எஸ்1, பின்னது எஸ்2 என்று படித்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியில் 65 வாட் என்று எழுதியிருந்தால் உண்மையான வரம்பு 88. 120 என்றால் 162. 170 என்றால் 230. இரண்டு விரற்கடை உயரக் கூலர் மட்டுமே நுழையும் பெட்டியில் 230 வாட் ப்ராசசரை வைப்பது, வாங்கிய காசில் ஒரு பகுதியைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

என் தேர்வு இப்படி. பிழைப்பே கல்யாண வீடியோ, கேமரா 4:2:2-இல் எழுதுகிறது என்றால் இன்டெல். 'கே' எழுத்து இல்லாத 65 வாட் வகை, ஐ5 அல்லது ஐ7. மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயாஸில் நீண்ட நேர மின் வரம்பை 90 வாட் பக்கம் கட்டிவிடுங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' இருப்பதை வாங்கவே வாங்காதீர்கள். விலை குறைவுதான்; ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸ் அதில் கிடையாது, க்விக் சிங்க்கும் அதோடு போய்விடும். 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் ப்ராசசர்களில் கூடுதல் மின்னழுத்தத்தால் சில்லு நாளடைவில் கெடும் சிக்கலை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் தந்து, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் தலைமுறை வாங்குவோர் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

கேமுக்கு முதலிடம் என்றால் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி. ப்ராசசரின் அட்டைப்பெட்டியில் 120 வாட் என்று இருந்தாலும் கேமில் பெரும்பாலும் அதற்குக் கீழேயே ஓடும். பெரிய கேஷ், வேகத்தை மின்சாரத்தால் வாங்காமல் பக்கத்தில் வைத்த தகவலால் வாங்குகிறது. கூடவே 4:2:2 வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 50 கார்டு. இரண்டும் அளவாகப் போதும் என்பவர்களுக்கு ரைசன் 7 7700 அல்லது 9700எக்ஸ். சின்னப் பெட்டிக்கென்றே செய்தது போன்றவை. கேமே வேண்டாம் என்றால் 12.7 சென்டிமீட்டர் சதுர மேக் மினி எம்4 அருமையான எடிட்டிங் இயந்திரம், 4:2:2-ஐயும் பிரிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் இரண்டையும் செய்யப் பார்க்கும் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 எனக்கு மிகவும் ஆர்வமூட்டுகிறது: 16 கோர், 40 கிராபிக்ஸ் அலகு, எல்லாம் ஒரே தொகுப்பில், 45 முதல் 120 வாட்டுக்குள்.

கடையில் அசெம்பிள் செய்து முடித்ததும் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். பெட்டியின் மூடியை மாட்டச் சொல்லுங்கள். ஏசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கேமராவின் சொந்தக் கோப்பிலிருந்து அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, முதல் நிமிடத்தில் எத்தனை கிகாஹெர்ட்ஸ், முப்பதாவது நிமிடத்தில் எத்தனை என்று பாருங்கள். நீங்கள் வாங்குவது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.