கீறாமல் செய்யும் சிகிச்சை: அந்தப் பொட்டுச் சாமானுக்கு ஏன் இத்தனை ரூபாய்?



ரமலானுக்கு முன்பு ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். பதினோரு வயது மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகவே அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதில் உம்மாவுக்கும் பிள்ளைக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. வாப்பாவுக்கோ எஸ்டிமேட்டைப் பார்த்ததும் மீதி உயிரும் போய்விட்டது. அதில் ‘டிவைஸ்’ என்று தனியாக ஒரு வரி. “இந்தப் பொட்டுச் சாமானுக்கா காக்கா இவ்வளவு ரூவா?” என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால், அதை அடைக்க இரட்டைத் தட்டு போன்ற ஒரு கம்பி வலையை வைக்கிறார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த ‘நிட்டினால்’ என்ற உலோகத்தில் செய்தது. இழுத்து நீட்டி ஒரு மெல்லிய குழாய்க்குள் அடக்கிவிடலாம். வெளியே தள்ளினால் தன் பழைய வடிவத்துக்குத் தானே விரிந்துகொள்ளும். தொடை நரம்பில் ஊசித்துளை போட்டு, அதன் வழியே குழாயை இருதயம் வரை கொண்டுபோகிறார்கள். எக்ஸ்ரே திரையிலும் எக்கோவிலும் பார்த்துக்கொண்டே ஓட்டையைத் தாண்டி ஒரு தட்டை விரிக்கிறார்கள், இழுத்துச் சுவரோடு ஒட்டுகிறார்கள், இந்தப் பக்கம் மற்றத் தட்டை விரிக்கிறார்கள். சரியாக உட்கார்ந்தது என்று படத்தில் உறுதியான பிறகே கம்பியைக் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லா ஓட்டைக்கும் இது பொருந்தாது. ஓட்டையைச் சுற்றித் தட்டு பிடித்துக்கொள்ளப் போதிய ஓரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறுவை சிகிச்சைதான். டாக்டர் அப்படிச் சொன்னால் அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்காவின் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில் அவரிடம் வந்தவர் 82 வயது மூதாட்டி. கால் விரல்கள் அழுகிவிட்டன. காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. அடைபட்ட இரத்தக்குழாயைக் குழாய் செலுத்தியே திறந்துவிட்டார் டாட்டர், கால் தப்பியது. சர்க்கரை நோயால் விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். பிறகு 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இருதயக் குழாயில் பலூன் சிகிச்சை செய்தார். ஆரம்ப காலப் பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் செய்து பார்த்தார். நம் நாட்டில் 1986இல் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் அதைத் தொடங்கிவைத்தார்.

மேசையில் செய்த பலூன் ஆஸ்பத்திரி ஷெல்புக்கு வருவதற்குள்தான் பணம் கரைகிறது. முதலில் ஆய்வகம். அடுத்து ஆடு, பன்றி போன்ற பிராணிகளில் சோதனை. அதன்பின் அரசு அனுமதியோடு நோயாளிகளிடம் சோதனை. உடம்புக்குள்ளேயே தங்கிவிடும் சாமானுக்கு இதில் ஒரு படியையும் தாண்டிக் குதிக்க முடியாது, குதிக்கவும் கூடாது. இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பணம் போட்ட நாடுகளின் கம்பெனிகள்தான் இன்று நமக்கு விற்கின்றன. இந்தியா மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம் அளவுக்குத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அது எல்லாத் துறைக்கும் சேர்த்து.

அதற்காக நம்மால் முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ‘ஸ்ரீசித்ரா’வுக்கு நம் ஊரிலிருந்து போய்வராத தெரு இல்லை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள அந்த நிறுவனத்தில், ஆஸ்பத்திரியோடு மருத்துவக் கருவி ஆராய்ச்சியும் உண்டு. டாக்டர் வலியத்தான் தலைமையில் இருதய வால்வு செய்யப் புறப்பட்டார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்தது. இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். அந்த மூன்று தோல்விகளுக்கும் யாரோ பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதோடு கையை விரித்திருந்தால் வால்வு வந்திருக்காது.

அதே ஸ்ரீசித்ரா, பெங்களூரில் உள்ள தேசிய விண்ணூர்தி ஆய்வகத்தோடு சேர்ந்து, நான் மேலே சொன்ன அடைப்புத் தட்டையும் செய்திருக்கிறது. விமானத்துக்காக நிட்டினாலைக் கையாளக் கற்றவர்கள் அந்த அறிவை இருதயத்துக்குக் கொடுத்தார்கள். மூளை இரத்தக்குழாய் வீங்கி வெடிக்காமலிருக்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் ஒன்றும் அதோடு உருவானது. மத்திய அரசு இதற்கென நிதி கொடுத்தது. 2020 டிசம்பரில் இரண்டின் தொழில்நுட்பத்தையும் புனேயில் உள்ள பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குக் கைமாற்ற ஒப்பந்தமானது. அப்போது அரசு சொன்ன கணக்கு: இறக்குமதித் தட்டு ஏறக்குறைய 60,000 ரூபாய், மூளை ஸ்டென்ட், செலுத்தும் கருவியோடு 7 முதல் 8 லட்சம்.

ஒப்பந்தம் ஆனவுடன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதரிடம் சோதனை, அனுமதி, தயாரிப்பு என்று இன்னும் வழி கிடக்கிறது. அணைக்கட்டில் தண்ணீர் நிறைந்து நின்றும் கடைமடை வயல் காய்வதை நாம் பார்த்தவர்கள். நம் நாட்டு ஆராய்ச்சிகளில் பல இந்தக் கடைசிக் கால்வாயில்தான் வற்றிப்போகின்றன. 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது திட்டம். அதில் பெரும்பகுதியை அரசுக்கு வெளியேயிருந்து, கம்பெனிகளிடமும் கொடையாளர்களிடமும் எதிர்பார்க்கிறார்கள்.

கொடையாளர்கள் என்றதும் எனக்கு கெய்ரோ நினைவுக்கு வந்தது. 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில்தான் நடந்தது. ஏழை, பணக்காரர் பார்க்காமல் சிகிச்சை. கூடவே மருத்துவப் படிப்பும். நாம் வக்ஃபு என்றால் பள்ளிவாசல், கபர்ஸ்தான், கடை வாடகை என்றே பழகிவிட்டோம். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பது மார்க்கத்தில் வரையறுக்கப்பட்டது. அதில் நான் கை வைக்கவில்லை, அது உலமாக்கள் சொல்ல வேண்டியது. சதகாவும் மற்ற நன்கொடைகளும் வேறு. சிகிச்சைக்கு என்று நாம் ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கை, இத்தகைய கருவியைச் சோதித்துப் பார்க்கும் அரசு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பலாமா என்று அடுத்த நிர்வாகக் குழுவில் கேட்கப் போகிறேன். எதிர்ப்பு வரும், தெரியும். “வாசலில் நிற்கிறவனை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கா?” என்பது நியாயமான கேள்விதான். வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பதைக் குறைக்காமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். இதுபற்றி உங்கள் கருத்தை எழுத்தில் தந்தால் குழுவில் வாசிக்கிறேன்.

அதுவரை நடக்க வேண்டியதையும் சொல்கிறேன். இப்படி எஸ்டிமேட் கையில் வந்தால், நகையை அடகு வைக்கும் முன் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் போய், இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, டிவைஸ் விலையும் அதில் அடங்குமா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்து பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இருதயக் குழாய் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது. பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தப் பிள்ளைக்கு அட்டை இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பரிசோதனையில் ஓட்டையின் ஓரமும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பெருநாள் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுத்திருக்கிறோம். துஆ செய்யுங்கள்.

— செயலாளர்