மாரியும் மண்ணும் – 11: வயலின் அடைப்பு வட்டுவாகலில்

பத்தாம்பளைதான் மருவி முல்லைத்தீவின் வற்றாப்பளை ஆனது என்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இளைப்பாறிய பத்தாவது இடம் என்பது கோயில் கதை. கார்த்திகைக் கடைசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, நந்திக்கடல் களப்பின் ஓரத்து வயலில் போய் நின்று பாருங்கள். அந்த விளக்கம் தேவைப்படாது. தண்ணீர் வற்றாது, அவ்வளவுதான். வரம்பு தெரியாது. எங்கே வயல் முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்பதைப் பனைகளை வைத்துத்தான் மட்டுக்கட்ட வேண்டும்.

வன்னியில் தண்ணீர் என்று வாயெடுத்தால் பேச்சு குளத்துக்குப் போய்விடும். எத்தனை அடி நிற்கிறது, வான் பாய்கிறதா, துருசு எப்போது திறப்பார்கள்? தண்ணீரைச் சேர்ப்பதில் நமக்கிருக்கும் அக்கறை அதைக் கழித்துவிடுவதில் இல்லை. அதற்கென இருக்கும் வாய்க்காலுக்கும் ‘கழிவு வாய்க்கால்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். பெயரிலேயே ஒரு புறக்கணிப்பு.

ஆனால் வற்றாப்பளை வயல்களைப் பொறுத்தவரை கழிவு வாய்க்காலைத் தோண்டினால் மட்டும் தண்ணீர் இறங்கிவிடாது. முத்தையன்கட்டுக் குளத்தைக் கடந்து வரும் பேராறும் சிற்றாறுகளும் நந்திக்கடலில்தான் விழுகின்றன. நந்திக்கடலுக்கு வாசல் ஒன்றே, வட்டுவாகல் பக்கம். கோடை முழுக்க அலை அங்கே மணலை ஒதுக்கி ஒதுக்கி வாசலை மூடிவிடும். இந்தக் கரையில் அதைத் தொடுவாய் என்பார்கள்; கொக்குத்தொடுவாய் என்று ஊர்ப்பெயராகவே இருக்கிற சொல். மாரியில் தொடுவாய் அடைத்துக் கிடந்தால் களப்பு ஏறும். களப்பு வயல்மட்டத்துக்கு ஏறிவிட்டால் வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்து என்ன, தண்ணீர் போவதற்குப் பள்ளம் வேண்டாமா?

ஆகவே தொடுவாயை வெட்டுகிறார்கள். மண்வெட்டியால் ஆட்கள் கூடி வெட்டியது ஒரு காலம். இப்போது பெக்கோ இயந்திரம் வருகிறது. சிறு கீறல் போதும், மீதியை உள்ளேயிருக்கும் தண்ணீரே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். அதற்குக் களப்பு கடலைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வாடைக்காற்றுக் கடல் இரண்டொரு நாளில் மணலைத் திருப்பித் தள்ளிவிடும். பிந்தினால் பயிர் போய்விடும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சச்சரவு. நந்திக்கடல் இறாலுக்குப் பெயர் போனது. குஞ்சு கடலிலிருந்து உள்ளே வரவும் தொடுவாய் வேண்டும். வளர்ந்த இறால் வெள்ளத்தோடு வெளியேறாமலிருக்க அது மூடியும் இருக்க வேண்டும். கமக்காரருக்கு ஒரு நாள், கடற்றொழிலாளருக்கு வேறொரு நாள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. முன்பு மழைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்ததால் இரண்டு நாட்களும் எப்படியோ பொருந்திப் போயின.

அந்த ஒழுங்குதான் குலைந்துவிட்டது. 2018இல் வெள்ளம் டிசம்பர் 21, 22இல் வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. 2024இல் பெங்கல், 2025இல் டித்வா, இரண்டும் நவம்பர் கடைசி வாரத்தில். நவம்பரில் நெல் மட்டம் வெடிக்கும் பருவம். ஒரு கிழமைக்கு மேல் முழுதாக மூழ்கினால் அழுகும். டிசம்பர் நடுவில் அது கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம். நாலைந்து நாள் மூழ்கினாலே போதும், கதிர் சப்பியாகிவிடும். ஒரே வெள்ளம், மூன்று கிழமை வித்தியாசத்தில் வேறு அழிவு. பருவத்தில் பெய்த மொத்த மழையைக் கூட்டிப் பார்த்தால் இது தெரியாது. ஒரு மாதம் பரவிப் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டினாலும் கூட்டுத்தொகை அதேதான்.

வெள்ளம் போனபின் அடுத்த தொல்லை உவர். தொடுவாய் திறந்தபடி கிடந்தால், மாசி பங்குனியில் கடல்நீர் அதே கழிவு வாய்க்கால் வழியே வயலுக்கு ஏறுகிறது. இந்த ஊரில் வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அம்மனுக்கு எரியும் உப்புத்தண்ணீர் நெல்லுக்கு ஆகாது. அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய ஏ.ரி. 354 ஓரளவு தாங்கும். கேரளத்துப் பொக்காளியின் வழி வந்த நெல் அது. ஆனால் எந்த நெல்லும் உவரை ஓரளவுக்குத்தான் தாங்கும்.

தொடுவாய்க்கு ஒரேயடியாகக் கதவு போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேரளத்தின் குட்டநாட்டில் 1976இல் தண்ணீர்முக்கம் தடுப்பணை அதற்காகவே வந்தது. உவர் நின்றது. கூடவே மீனின் வழியும் நின்றது, காயலில் தண்ணீர் தேங்கி அழுக்கேறியது. கதவை எப்போது திறப்பது என்று அங்கும் விவசாயிகளும் மீனவர்களும் இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். நந்திக்கடலுக்கு அப்படியொரு பெருங்கதவு வேண்டாம் என்பதே என் எண்ணம். ஒவ்வொரு கழிவு வாய்க்காலின் கடைவாயிலும் வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற சிறு கதவு போதும்: உள்ளே தண்ணீர் உயர்ந்தால் தானே திறக்கும், வெளியே உயர்ந்தால் தானே மூடும்.

இன்னொன்று, வீதி. பரந்தன்–முல்லைத்தீவு வீதி வட்டுவாகலில் இந்த வாசலுக்குக் குறுக்கேதான் போகிறது. அந்தத் தாழ்ந்த பழைய பாலத்தை நாம் பாலம் என்கிறோம். தண்ணீருக்கு அது பாதி அணை. 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கியது. வாகனம் போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தூண்களுக்கிடையே எவ்வளவு தண்ணீர் போகும் என்பது கமக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பதென்றாலும் யாரிடம்? குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, வயல்வாய்க்கால் கமநல சேவைக்கு, இறால் கடற்றொழில் திணைக்களத்துக்கு. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமானதிலிருந்து வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்துகொண்டது. வெள்ளம் மாத்திரம் கமக்காரருக்கு. புரட்டாதியில், விதைப்புக்கு முன், இத்தனை பேரும் ஒரு மேசையில் இருந்து ஒரேயொரு விடயத்தை முடிவுசெய்யலாம்: களப்பு எந்த மட்டத்துக்கு ஏறினால் தொடுவாய் வெட்டப்படும் என்பதை. திகதி வேண்டாம், மட்டம் போதும். வட்டுவாகலில் ஓர் அளவுகோலை நட்டு அதில் சிவப்புக் கோடு ஒன்று போட்டால் கமக்காரரும் கடற்றொழிலாளரும் அதையே பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறவர்கள் கோயிலைச் சுற்றியபின் வயல் பக்கமும் கொஞ்சம் நடந்து பாருங்கள். வைகாசி வெயிலில் புல் மூடி, மண் தூர்ந்து, மாடு இறங்கி ஏறும் ஒரு பள்ளம் தென்படும். அதுதான் கழிவு வாய்க்கால். வெட்ட வேண்டிய மாதமும் அதுதான்.

(அடுத்த வாரம்: நாயாற்றுக் கரையில்)