எஞ்சினுக்கு ஏன் எடை கூட்டினார்கள்?

பொன்னேரியில் நின்று கிளம்பும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், அரை நிமிடத்தைச் சற்றே தாண்டுவதற்குள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அதே தடத்தில், வழியில் எங்கோ பக்கத் தடமான லூப் லைனில் நிறுத்தப்பட்ட கூட்ஸ் வண்டிக்குப் பச்சை விழுந்தாலும், அது ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியேறும். எஞ்சின் சோம்பேறி அல்ல. சிக்கல் சுமையில் இருக்கிறது.

ஓடத் தொடங்கும் எந்தப் பொருளின் முடுக்கமும் அதை இழுக்கும் விசையை அதன் நிறையால் வகுத்தால் கிடைக்கும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த கணக்கு இது. பள்ளி ஆய்வகத்தில் சிறு தள்ளுவண்டி, நூல், கப்பி, தொங்கும் எடைக்கற்கள் கொண்டு இதைச் சோதிப்பார்கள். அங்கே பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. தொங்கும் எடையும் வண்டியோடு சேர்ந்தே நகர்வதால், விசையைக் கூட்ட வெளியிலிருந்து புதுக் கல்லைத் தொங்கவிட்டால் மொத்த நிறையும் கூடிவிடும். வண்டியில் உள்ள கல்லையே எடுத்து நூலில் மாட்டினால்தான் விசை மட்டும் மாறும். உராய்வை ஈடுசெய்யப் பலகையை லேசாகச் சாய்ப்பதும் வழக்கம்.

தண்டவாளத்தில் கணக்கு பெரியது. சுமார் 58 வேகன்கள் கொண்ட நிலக்கரி வண்டி, காலியாக ஏறக்குறைய 1,300 டன். நிரம்பினால் 4,700 டன். சரக்கு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி-9 எஞ்சின் கிளம்பும்போது இழுப்பது சுமார் 460 கிலோநியூட்டன். எஞ்சினின் எடையையும் சேர்த்து, உராய்வை ஒதுக்கிவிட்டால், காலி வண்டியின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 0.32 மீட்டர் கூடும். நிரம்பிய வண்டிக்கு 0.1 கூடத் தேறாது. வேகம் ஏற ஏற இழுவிசையும் குறைவதால், 60-ஐ எட்டுவதற்குள் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும்.

அப்படியானால் மோட்டாரைப் பெரிதாக்கினால் போதாதா? போதாது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்தின் பிடிப்புக்கு எல்லை உண்டு. அதை மீறி இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பிடிப்புக்காக மணல் தூவுவதும் அதனால்தான். பிடிப்பைத் தருவது சக்கரத்தை அழுத்தும் எடை. ஆகவே அந்த 123 டன் எஞ்சினை 135 டன்னாக்கி டபிள்யூ.ஏ.ஜி-9எச் உருவானது. முடுக்கத்தின் எதிரி என்று பாடம் சொல்லும் நிறையை எஞ்சினில் வேண்டுமென்றே ஏற்றினார்கள்! பின்னால் ஆயிரக்கணக்கான டன் இருக்கும்போது இந்தப் பன்னிரண்டு டன் பெரிய பாரமே இல்லை. பிடிப்பில் அது தரும் லாபமோ பெரிது.

மின்சார ரயிலின் உத்தி வேறு. தனி எஞ்சின் கிடையாது. பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள். பயணிகளின் எடையும் பிடிப்புக்கு உதவுகிறது. சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையில் உருவான வந்தே பாரத் ரயிலில் ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் மோட்டார் உண்டு. அதன் இரண்டாம் பதிப்பில் எடை 430 டன்னிலிருந்து 392 ஆனது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம் 54.6 வினாடியிலிருந்து 52 ஆகக் குறைந்தது.

நிற்பதற்கும் இதே கணக்குதான். 2024 அக்டோபர் 11 இரவு, பொன்னேரியைத் தாண்டிய மைசூரு–தர்பங்கா பாக்மதி விரைவு ரயில், கவரைப்பேட்டையில் பிரதான தடத்துக்கான சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. லூப் லைனுக்குள் நுழைகையில் வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 21 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் வேகத்தை வினாடிக்கு ஒரு மீட்டர் குறைத்தாலும் நிற்க 200 மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்குள் மோதல் நேர்ந்துவிட்டது. பெட்டிகள் தடம்புரண்டன; பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு நேரவில்லை.