பெற்றோர் வரும்வரை காத்திருக்கலாமா?

2019 நவம்பரில் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில், அரசுப் பள்ளி வகுப்பறையின் தரைப் பொந்திலிருந்த பாம்பு 10 வயது மாணவியைக் கடித்தது. ஆசிரியர்களிடம் வண்டி இருந்தும் அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள் என உடன் படித்த பிள்ளைகளே தொலைக்காட்சியில் சொன்னார்கள். கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் நிலைமை மோசமாகி அவள் இறந்துபோனாள்.

பள்ளி ஊழியர்களுக்கு அவசரகாலப் பயிற்சி என்றால் கட்டுப்போடுவதும் தீயணைப்பான் பிடிப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாமா, யார் கிளம்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதும் அதில் சேர வேண்டும். நகரத்தில் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும் தயக்கம், பேருந்து இரண்டு வேளை மட்டும் வரும் ஊரில் உயிரைக் குடிக்கும்.

பாம்புக்கடியில் முதலுதவி என்பது பெரும்பாலும் செய்யக்கூடாதவற்றின் பட்டியல். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததைப் போலக் கட்டை வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். பிள்ளையை நடக்க விடாமல் தூக்கித்தான் செல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். அதனால் “ஒன்றும் இல்லை, பூச்சிக்கடிதான்” என்று பள்ளியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது ஆபத்து. பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான்.

தீ விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் நெருப்பு கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதையொட்டிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீயணைப்பான் வேண்டும், ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த ‘மற்ற ஊழியர்கள்’தான் விட்டுப்போகிறார்கள். பயிற்சி என்றால் தலைமையாசிரியரை ஒன்றியத் தலைமையிடத்துக்குக் கூப்பிடுவது வழக்கம். ஈராசிரியர் பள்ளியில் அவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பருகே நிற்பவர் சத்துணவுச் சமையலர். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியவர் அவர். தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கிச் சுடரின் அடியை நோக்கி அடிக்க அவர் கை ஒருமுறையாவது பழகியிருக்க வேண்டும். அந்தத் தீயணைப்பானைச் சமையலறைக்குள் மாட்டினால் தீப்பிடிக்கும்போது அதை எட்டவே முடியாது. வாசலுக்கு வெளியே மாட்டலாம்.

மிச்சமுள்ளது ஒரு தாள் வேலை. 108ஐ அழைத்தால் ஊரின் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு ஊர் இருக்கும். ஒன்றியம், கிளைச்சாலை பிரியும் இடம், மழைக்காலத்தில் எந்த வழி அடைபடும், விஷமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள மருத்துவமனை, ஆம்புலன்ஸ் தாமதமானால் வண்டி தரச் சம்மதித்தவரின் எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரிலும் ஒட்டலாம். அந்த வண்டிக்காரரிடம் ஜூன் மாதத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும்.