மண்ணணையும் கலிங்கும்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஓடையின் குறுக்கே ஒரு மண்ணணை அமைத்துவிட்டால் ஊருக்குள் வெள்ளம் வராதல்லவா?” வராது என்று உறுதி கூற இயலாது, குறையும் எனலாம்.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1 லட்சம் கன மீட்டர். அதில் பாதியே ஓடைக்கு வருவதாகவும், நம் சிற்றணை 20,000 கன மீட்டர் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய 30,000 கன மீட்டர் கலிங்கின் வழியே சென்றாக வேண்டும். கலிங்கு போதாதெனில் நீர் கரைமேல் ஏறும். மண்கரைமேல் நீர் வழியத் தொடங்கினால் புறச்சரிவு அரித்துச் சரிந்து, தேங்கிய நீர் முழுவதும் ஒரே வீச்சில் ஊருக்குள் பாயும். அணையே இல்லாதிருந்தால் வந்திருக்கும் வெள்ளத்தினும் அது கொடியது. 2023 டிசம்பரில், மார்கழி பிறந்த வேளையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளக்கரைகள் பல உடைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கரை கட்டும் முறையைப் பலரும் அறிவர். புல்லையும் வேரையும் அகற்றி, அடியில் அகழி தோண்டிக் களிமண் நிரப்பி, மண்ணைச் சாண் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஈரமிட்டு இறுக்க வேண்டும். பெருவெள்ளத்தின்போது நிற்கும் நீர்மட்டத்திற்கு மேலும் 1 மீட்டரேனும் கரை உயர்ந்திருத்தல் நலம். இந்த வெற்றுயரத்தைத்தான் பலர் வீண் என்று எண்ணிவிடுகின்றனர்.

ஐப்பசியில் ஒரு சிற்றூருக்குச் சென்றபோது, கலிங்கின்மேல் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கக் கண்டோம். “இரண்டு சாண் நீர் கூட நின்றால் கோடையில் ஒரு பயிர் எடுக்கலாம், ஐயா” என்றார் முதிய விவசாயி ஒருவர். அவர் கணக்கு தவறன்று. ஆயினும் அந்த இரண்டு சாணுக்காகக் கீழ்த்தெருவினர் இரவெல்லாம் விழித்திருந்தனர். பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. கலிங்கை ஏன் அந்த மட்டத்தில் வைத்தோம் என்பதை ஊராருக்கு ஒருநாளும் விளக்கவில்லை.

பழைய ஏரிகளின் கலிங்கில் வரிசையாக நட்ட கற்களைக் காணலாம். மழையின் வேகம் தணிந்த பின்னரே அவற்றின் இடையை அடைத்து நீரை உயர்த்துவர். அவ்வாறே அவ்வூரிலும் தை பிறந்த பின்னரே அடைப்பது என மன்றம் தீர்மானித்தது. அதுவரை மதகைத் திறந்து, அடுத்த மழைக்கு இடம் ஒழித்து வைப்பர்.

கசிவைப் பற்றியும் ஒரு சொல். புறச்சரிவின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வரலாம். கலங்கல் நீர் வந்தால் கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். எலி வளையோ, பட்டுப்போன மரத்தின் வேரோ வழிவிட்டிருக்கும். உடனே அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்புக. அத்துளையை வெளிப்புறத்தில் களிமண்ணால் அடைக்கலாகாது. நீர் வேறிடத்தில் வாய் திறக்கும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் எனப் பரப்பினால், நீர் வெளியேறும், மண் தங்கும். கலிங்கிலிருந்து இறக்கிய மணல் மூட்டைகளை அவ்வூரார் இவ்வேலைக்கென்றே கரையோரக் கொட்டகையில் அடுக்கி வைத்துள்ளனர்.