அடுத்து எந்த நாவல்?

தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு மெக்கானிக்கல் சேர்ந்தவன் நான். பாடப்புத்தக இங்கிலீஷே தகராறு. அப்படிப்பட்டவன் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ (1937) மாயாஜால நாவலை டிக்‌ஷனரியோடு மல்லுக்கட்டி மூன்று மாதத்தில் முடித்துவிட்டேன். சரி, அடுத்து?

ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ மேல் ஆசைதான். ஆனால் 14 பாகமாச்சே! 1990-ல் முதல் பாகம் வந்தது. 2007-ல் அவர் இறந்துபோக, விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் 2013-ல் முடித்தார். ரெண்டு அரியர் வைத்திருக்கிற எனக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் அர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). ஒல்லியான புத்தகம். சீனியர் அண்ணன் ஒருவர் கதை சொன்னார். அங்கே கையை ஆட்டினால் மந்திரம் பலிக்காது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தால்தான் அதன்மேல் அதிகாரம். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடம் வறண்டு போகலாம். நம்ம தெர்மல் பாடம் மாதிரிதான், எதுவும் சும்மா கிடைக்காது! கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் வீறாப்புக்காக மந்திரம் போட, ஒரு நிழல் கிளம்பி அவனையே துரத்துகிறதாம்.

அப்புறம்? “நீயே படிடா” என்கிறார் அண்ணன். புத்தகம் என் டிராயிங் போர்டுக்கு அடியில் இருக்கிறது. செமஸ்டர் லீவுக்கு இன்னும் ஒன்பது நாள்.